படிக்கத் தெரியாத பத்திரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்



சென்ற வாரம் நம் ஆய்வாளர் வாட்சப் குழுவில் மூத்த நண்பர் ஒருவர் ஒரு பட்டியலைப் பகிர்ந்திருந்தார். நில முதலீட்டில் புதிதாக இறங்குவோர்க்குப் பத்து அறிவுரைகள். சிறு தொகையில் தொடங்கு, வளரும் ஊராகப் பார், இளம் வயதிலேயே வாங்கு, அவசரப்பட்டு விற்காதே, நிலத்தின் விலை ஒருபோதும் இறங்காது என்ற போக்கில் பத்தும் இருந்தன. அரை மணி நேரத்தில் அதன் கீழே கட்டைவிரல்கள் குவிந்தன. மறுநாள் அதே குழுவில், அதே நண்பர் வழியாகவே, 'சென்னைக்கு மிக அருகில், நாயுடுபேட்டையில் வீட்டுமனைகள்' என்ற விளம்பரமும் வந்தது. உதவித்தொகை பெறும் ஆய்வாளர்களுக்குத் தவணை வசதி உண்டாம்.

நான் நாயுடுபேட்டைக்காரி. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவள். ஆகவே இதைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருக்க இயலவில்லை. பகிர்ந்த நண்பர்மீது எனக்கு வருத்தமில்லை, நல்லெண்ணத்தோடுதான் பகிர்ந்தார். என் சண்டை அந்தப் பட்டியலோடு. பத்து அறிவுரைகளுள் ஒன்றுகூட, வாங்கப்போகும் நிலத்தின் ஆவணத்தைப் படி என்று சொல்லவில்லை. நாம் ஒரு மேற்கோளுக்கு மூலநூலைத் தேடிப் பதிப்பாண்டும் பக்க எண்ணும் சரிபார்க்கிறவர்கள். இரண்டாம் கைச் சான்றை எடுத்தாண்டால் நெறியாளர் ஆய்வேட்டை முகத்தில் எறிவார். அத்தகைய நாம், பத்து லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் நிலத்துக்கு ஒரு வண்ணத் துண்டறிக்கையைச் சான்றாகக் கொள்கிறோம். நாயுடுபேட்டை மனையைப் பொறுத்தவரை இதில் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. வாங்குகிறவர்களில் மிகப் பலர் தமிழர். பத்திரம் தெலுங்கில் இருக்கிறது.

முதலில் 'மிக அருகில்' என்ற தொடர். அண்மை என்பது சுட்டுப்பொருள். எதற்கு அண்மை, எதில் போனால் அண்மை என்ற மையம் இல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. நாயுடுபேட்டை சென்னையிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், சொர்ணமுகி ஆற்றை ஒட்டி இருக்கிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து காளத்தி வழியாகத் திருப்பதிக்குச் சாலை பிரிவது இங்கேதான். விளம்பர வரைபடங்களில் ஸ்ரீசிட்டியும் ஸ்ரீஹரிகோட்டாவும் கிருஷ்ணபட்டினம் துறைமுகமும் திருப்பதி மலையும் ஒரே வட்டத்துக்குள் நெருங்கி நிற்கும். மேனகூரு சிறப்புப் பொருளாதார மண்டலம் மனைக்கு அடுத்த தெருவில் இருப்பது போலத் தோன்றும். அவ்வரைபடங்களில் அளவுகோல் மட்டும் இராது. தொழிற்சாலைகள் வந்திருப்பது உண்மை. சாலை அகலப்பட்டிருப்பதும் உண்மை. ஆனால் எங்கோ ஒரு தொழிற்சாலை இருப்பதிலிருந்து, இந்தக் குறிப்பிட்ட புல எண்ணில் நீங்கள் வாங்கும் இருநூறு கெஜத்தை நாளை ஒருவர் கூடுதல் விலைக்கு வாங்குவார் என்ற முடிவு எவ்விதத் தருக்கத்தாலும் வாராது.

கெஜம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னைக்காரருக்குக் கிரவுண்டும் சென்டும் தெரியும்: 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு, 435.6 சதுர அடி ஒரு சென்ட். இங்கே கெஜம் என்றால் சதுர கெஜம், அதாவது ஒன்பது சதுர அடி. இதற்கும் மேல் அங்கணம் என்றோர் அளவு உண்டு. அங்கணத்தை 36 சதுர அடியாகக் கொள்ளும் ஊரும் இருக்கிறது. 72 எனக் கொள்ளும் ஊரும் இருக்கிறது. எங்கள் ஊரோ 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது நெல்லூரிலிருந்து பிரிந்து வந்தது. ஆகவே பழைய ஆவணங்களெல்லாம் நெல்லூர் மாவட்டம் என்றே பேசும். 'அங்கணம் இவ்வளவு ரூபாய்' என்று ஒருவர் விலை சொன்னால் எந்த அங்கணம் என்று கேட்காதவர் பாதி நிலத்துக்கு முழு விலை கொடுக்க நேரும். (தமிழில் அங்கணம் முற்றத்தையும் குறிக்கும், சாக்கடையையும் குறிக்கும். இந்தச் சந்தையில் இரண்டாம் பொருளை மறவாதிருப்பது நல்லது.)

இனி, இப்பதிவை எழுதத் தூண்டிய நிகழ்வு. என் அம்மாவுக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு கோப்பு. 'ஏம்மா, நீ மொழியியல் படிச்ச பொண்ணு. இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. எனக்கும் குத்துமதிப்பா புரியுது, ரெண்டும் ஒரே குடும்பத்து மொழிதானே' என்றார். தெலுங்கு எழுத்தை அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவருக்கு ஒரே ஓர் ஐயந்தான். பத்திர வரைவில் நில விவரத்தில் 'மாகாணி' என்ற சொல் வந்திருக்கிறது. 'முழு மனைன்னு சொல்லிட்டு, பதினாறுல ஒரு பங்குன்னு எழுதியிருக்கானே?'

தமிழில் மாகாணி பதினாறில் ஒன்றுதான். தெலுங்கில் மாகாணி என்றால் நன்செய். 'மெட்ட' என்றால் புன்செய். நான் இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஐயம் தீர்ந்துவிட்டதாக எண்ணிக் கோப்பை மூடப் போனார். எனக்கு அங்கேதான் ஐயம் தொடங்கியது. வீட்டுமனை என்று விற்கப்படும் நிலத்தின் வரைவுப் பத்திரத்தில் நன்செய் என்று ஏன் இருக்கிறது? விற்பவராகக் கையெழுத்திடுபவர் நில உரிமையாளர் இல்லை, பவர் பத்திரம் பெற்ற முகவர் என்பது ஏன்?

புல எண்ணை எடுத்துக்கொண்டு ஆந்திர அரசின் 'மீ பூமி' தளத்தில் அடங்கலைத் திறந்தேன். ஆந்திர அடங்கலில் இரண்டு பெயர்ப் பத்திகள் உண்டு. ஒன்று பட்டாதாரு, மற்றொன்று அனுபவதாரு. முதலாமவர் பெயரில் பட்டா. இரண்டாமவர் நிலத்தை இப்போது கைக்கொண்டு அனுபவிப்பவர். நம் பழைய தமிழ்ப் பத்திரங்களில் வரும் 'அனுபவ பாத்தியதை'யில் உள்ள அதே அனுபவந்தான் அது. அந்தப் புல எண்ணில் இருவர் பெயரும் வேறு வேறாக இருந்தன. பவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர் பெயர் இரண்டிலுமே இல்லை. இதற்கெல்லாம் மேலாக, நிலத்தின் தன்மையைக் குறிக்கும் இடத்தில் டி.கே.டி. என்றிருந்தது.

டி.கே.டி. என்பது தர்காஸ்து என்பதன் சுருக்கம். பாரசீகத்தில் மனு என்று பொருள்படும் சொல், வருவாய்த் துறையின் வழியே தெலுங்கில் தங்கியது. நிலமற்ற ஏழைகள் மனுச் செய்து அரசிடமிருந்து பெற்ற நிலம் டி.கே.டி. பட்டா நிலம். வழிவழியாக உழுது உண்ணலாம், விற்கலாகாது. 1977ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் இத்தகைய நிலங்களின் கைமாற்றத்தையே தடை செய்தது. வாங்கியவருக்கு எந்த உரிமையும் சேராது என்றது. தமிழ்நாட்டு வாசகர்க்குச் சொல்வதானால், 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கு இது உறவு. பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறிக் கைமாறிக் காணாமற்போனது என்பதை ஆய்வரங்குகளில் கட்டுரையாக வாசிக்கிறோம். அதே நாம் 'சென்னைக்கு மிக அருகில்' அதையே தவணையில் வாங்கத் தயாராகிறோம் என்றால் அந்தக் கட்டுரைகளுக்கு என்ன பொருள்? மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்வோர், ஏன் மலிவு என்று ஒருமுறை கேட்க வேண்டும். விற்க முடியாத நிலம் என்பதால் மலிவு. நிலமற்றவருக்குத் தரப்பட்டது என்பதால் விற்க முடியாதது.

இதற்கும் ஒரு மறுமொழி தரகர்களிடம் உண்டு: 'சட்டம் மாறிவிட்டது சார்.' மாறியதும் உண்மைதான். 2023இல் ஒரு திருத்தம் வந்தது; ஒப்படைப்பாகி இருபது ஆண்டு கடந்த வேளாண் நிலத்தை மூல ஒப்படைதாரரோ அவருடைய வாரிசுகளோ விற்கலாம் என்றது. 2024இல் ஆட்சி மாறியது. அவ்வாறு விடுவிக்கப்பட்ட நிலங்களில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, அவற்றின் பத்திரப் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. ஒரே ஆண்டில் விற்கக்கூடாதது விற்கத்தக்கதாகி மீண்டும் தொங்கலானது. நான் பார்த்த அந்தப் புல எண்ணோ, பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவின்கீழ் உள்ள தடைப்பட்டியலிலேயே இருந்தது. அதாவது சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்நிலத்துக்குப் பத்திரமே பதிய மாட்டார்கள். ஆசிரியர் கைப்பேசியில் கேட்டதற்கு விற்பவர் தரப்பு கூறிய விடை: 'பட்டியலிலிருந்து நீக்க மனுப் போட்டிருக்கிறோம் ஐயா, அடுத்த மாதம் வந்துவிடும். முழுத் தொகையைக் கட்டிவிடுங்கள், அப்போதுதான் இந்த விலை.' எட்டு லட்ச ரூபாய் மனைக்கு அவர் அதற்குள் மூன்று லட்சம் கொடுத்திருந்தார். கையிலிருந்த சான்று, வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு ரசீது.

இவ்விடத்தில் மொழியியல் மாணவியாக எனக்குப் பெருவியப்பளித்த ஒரு சட்டப்பிரிவைச் சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. பதிவுக்கு வரும் ஆவணம் பதிவு அலுவலருக்குப் புரியாத மொழியிலும், அம்மாவட்டத்தில் பொதுவாக வழங்காத மொழியிலும் இருந்தால், மாவட்ட மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பை உடன் வைத்தாலன்றி அவர் அதனைப் பதியக் கூடாது. அலுவலருக்குப் புரியவேண்டும் என்பதில் சட்டம் இவ்வளவு கருத்தாக இருக்கிறது. வாங்குகிறவருக்குப் புரிகிறதா என்பதைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. தெலுங்கு அறியாத ஒருவர் நாயுடுபேட்டையில் நின்று புகைப்படமும் கைரேகையும் கொடுத்து வீடு திரும்பலாம். தாம் எதை வாங்கினார் என்பது தெரியாமலே திரும்பலாம். எல்லாம் சட்டப்படியே நடந்திருக்கும்.

அந்தப் பட்டியலின் எழுதப்படாத அடிப்படை, 'பத்திரம் ஆகிவிட்டது, இனி நிலம் நம்முடையது' என்ற நம்பிக்கை. பதிவை ஒரு செயற்கூற்றாக நாம் எண்ணுகிறோம். நீதிபதி தீர்ப்புரைத்தால் தீர்ப்பாகிவிடுவது போல, சார்பதிவாளர் முத்திரையிட்டால் உரிமை பிறந்துவிடும் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இன்னார் இன்னாருக்கு இந்த ஆவணத்தை எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டார் என்பதற்கே பதிவு சான்று. எழுதிக்கொடுத்தவருக்கு அந்நிலம் சொந்தமா என்பது வேறு வினா. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55ஏ(i) என்ற விதி விற்பவரிடம் முந்தைய மூலப்பத்திரத்தைக் கேட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதது என்றது. விற்பவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், முறைப்படியான நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் பதிவு அலுவலர் மறுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. உரிமையைச் சரிபார்க்கும் வேலை வாங்குபவரின் தலையில். அரசே உரிமைக்கு உறுதியளிக்கும் முறையைக் கொண்டுவருவதாகக் கூறி ஆந்திரம் ஒரு நில உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2024 தேர்தலில் அது பெரும் சர்ச்சையாகி, புதிய ஆட்சி வந்ததும் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின் குறைகள் குறித்துப் பேச நிறைய உண்டு, இங்கே வேண்டாம். இன்றைய நிலையில் உங்கள் உரிமைக்கு எவரும் பிணை நிற்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

'வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று' என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதியாத உயில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. நிலத்தின்மேல் நடக்கும் உரிமையியல் வழக்கும் பொதுவாக அதில் தெரியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும். பங்காளிகள் கையெழுத்திட்டிருப்பார்கள், சகோதரிகள் கையெழுத்து இராது. ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5 முதலே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு; 2005இல் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. அண்ணன் தம்பிகள் விற்ற நிலத்துக்கு முப்பதாண்டு கழித்து அக்காள் மகன் வழக்குப் போட்டால் அவனைப் பேராசைக்காரன் என்று ஏசாதீர்கள். அவனுடைய தாயின் கையெழுத்தை நீங்கள்தான் தேடவில்லை. பவர் பத்திரத்தின் பேரில் நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாக்கிவிட்டது. பவர் வைத்திருப்பவர் முறையான கிரயப் பத்திரம் எழுதித்தரலாம். அதற்கும் பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, அவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இப்போது 'நிலத்தின் விலை ஒருபோதும் இறங்காது' என்ற வேதவாக்கு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சத்துக்கு மனை வாங்குகிறீர்கள். ஆந்திரத்தில் முத்திரைத் தீர்வை, மாற்றத் தீர்வை, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஏழரை விழுக்காடு, 75,000 ரூபாய். பத்தாண்டில் விலை இரட்டிப்பாகி இருபது லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தரகு இரண்டு விழுக்காடு. இன்றைய விதிப்படி நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 விழுக்காடு. எல்லாம் போகக் கையில் நிற்பது ஏறத்தாழ பதினெட்டரை லட்சம். போட்ட பத்தே முக்கால் லட்சத்துக்கு இது ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு அளவிலான கூட்டு வளர்ச்சி. அஞ்சலகத்தில் போடும் பொது வருங்கால வைப்பு நிதி 2020 ஏப்ரல் முதல் 7.1 விழுக்காடு, வரியின்றித் தந்துவந்திருக்கிறது. அதில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்குமேல் போட முடியாது என்பது உண்மை. உதவித்தொகையில் வாழும் நம்மில் எவருக்கும் அந்த வரம்பு தடையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 'இரட்டிப்பு' என்ற சொல்லின் முழக்கத்துக்கும் அதன் எண்ணுக்கும் உள்ள தூரம் இது. வெற்று மனை வாடகை தராது என்பதும், அவசரத்துக்கு மூலையிலிருந்து பத்துச் சதுர அடியை மட்டும் வெட்டி விற்க முடியாது என்பதும் தனி.

இரட்டிப்பாவதும் உறுதியில்லை. வளரும் ஊராகப் பார் என்கிறது பட்டியல். ஆந்திரத்தில் அமராவதியைவிட வளர்ச்சி உறுதிசெய்யப்பட்ட ஊர் வேறு இருந்ததா? தலைநகருக்காக 33,000 ஏக்கருக்கு மேல் உழவர்களிடமிருந்து திரட்டினார்கள். சுற்றிலும் மனை விலை ஏறியது. 2019 டிசம்பரில் அன்றைய முதலமைச்சர் மூன்று தலைநகரம் என்றார். வாங்கியவர்கள் விலை சரிவதைப் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். 2024இல் ஆட்சி மாறியதும் காற்று மறுபடி திசைமாறியது. இதில் முதலீட்டாளரின் அறிவுக்கு எங்கே இடம்? வாக்குச்சீட்டின்மேல் பந்தயம் கட்டினார்கள், அவ்வளவே. தமிழ்நாட்டில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாதென்று தடைவிதித்தபோது, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பியிருந்த எத்தனை குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தன என்பதை நம்மில் பலர் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்கும் கட்டணம் கட்டினார்கள்.

நிலம் என்ற பெயரில் காகிதத்தையே விற்ற கதைகள் வேறு. 1990களில் சென்னையில் அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்கு மரங்களைக் காட்டிப் பணம் திரட்டியது. விஜயவாடாவின் அக்ரிகோல்ட் மனை தருவதாகக் கூறி ஏறத்தாழ 32 லட்சம் பேரிடம் திரட்டியது. இவற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் இப்பதிவு முடியாது.

ஒரு மறுப்பை மட்டும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். குழுவில் ஒரு தோழி எழுதியிருந்தாள்: 'ஜே.ஆர்.எப். 37,000 வாங்கும் காலம் ஐந்தாண்டுதான். அதுவும் கிடைக்காதவர்கள் 8,000 ரூபாயில் காலம் தள்ளுகிறோம். பிறகு கௌரவ விரிவுரையாளர் வேலை, ஆண்டுதோறும் ஒப்பந்தம். ஓய்வூதியம் இல்லாத தலைமுறைக்கு ஒரு துண்டு நிலம் இருந்தால் என்ன குற்றம்?' குற்றமே இல்லை. அந்த அச்சம் எனக்கும் உண்டு. இரவில் தூங்கவிடாத அச்சம் அது. ஆனால் அந்த அச்சத்தைத்தான் விளம்பரம் விலைபேசுகிறது. வாழ்வதற்கு வீடு வேண்டும் என்ற ஏக்கம் ஒன்று; பார்த்தேயிராத ஊரில், படிக்கத் தெரியாத மொழியில், யாரோ உழுதுகொண்டிருக்கும் நிலத்தை வாங்கிப் பத்தாண்டு பூட்டிவைப்பது மற்றொன்று. இரண்டையும் 'சொந்த மண்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும்போது இரண்டாவதன் அபாயத்தை முதலாவதன் கண்ணியம் மூடிவிடுகிறது. ஓய்வூதியமில்லாத தலைமுறை என்பதாலேயே, முதல் மூன்று லட்சத்தைத் தொலைக்க நமக்கு வசதியில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவேன் என்போர்க்கு நான் சொல்லக்கூடியவை சில. முன்பணம் கொடுக்குமுன் புல எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சு அங்கே முடிந்தது. எண்ணைக் கொண்டு அடங்கலையும் 1-பி பதிவேட்டையும் மீ பூமியில் பாருங்கள். பட்டாதாரும் அனுபவதாரும் ஒருவரா, விற்பவர்தாமா என்று பாருங்கள். 22ஏ பட்டியலைப் பதிவுத் துறைத் தளத்தில் பாருங்கள். முப்பதாண்டு வில்லங்கமும் மூலப்பத்திரங்களின் தொடர்ச்சியும் வேண்டும். குடும்பச் சொத்தானால் பெண்மக்கள் எங்கே என்று தேடுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் ரெரா பதிவு கட்டாயம். பதிவெண் அச்சிடாத விளம்பரமே சட்டமீறல். 'ப்ரீ-லாஞ்ச் விலை' என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து வந்துவிடலாம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்க ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு இடந்தரவில்லை. இவற்றை அறிந்திருந்தால் ஆசிரியர் எட்டு லட்சத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டார்.

நிலத்தை நேரில் போய்ப் பாருங்கள், மழைக்காலத்தில். பத்திரத்தின் நான்கெல்லையில் 'செருவு' என்றிருந்தால் ஏரி, 'வாகு' என்றிருந்தால் ஓடை. தமிழ்ச் செருவும் தமிழ் வாகும் நினைவுக்கு வந்து குழப்ப வேண்டாம். 2021 நவம்பர் மழையில் திருப்பதியும் நெல்லூரும் பட்ட பாடு தெரிந்தவர்கள் அந்த எல்லைச் சொற்களை அலட்சியம் செய்ய மாட்டார்கள். பக்கத்து வயலில் நிற்பவரிடம் இது யார் நிலம் என்று கேளுங்கள். தரகரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பத்திர வரைவைத் தமிழில் மொழிபெயர்த்து வாங்கி, உள்ளூர் உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்துவழிக் கருத்துப் பெறுங்கள். விற்பவர் அறிமுகப்படுத்தும் வழக்கறிஞர் வேண்டாம். இத்தனைக்கும் ஆகும் செலவு சில ஆயிரங்கள்.

ஆசிரியரின் மூன்று லட்சத்தில் ஒன்றேகால் லட்சம் இரண்டு தவணையாகத் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில், தெலுங்கு இலக்கணம் ஏதாவது எளிதாக இருந்தால் அனுப்பச் சொன்னார்.

நாயுடுபேட்டை, சூலூருப்பேட்டை, காளத்தி வட்டாரத்துத் தெலுங்குப் பத்திர வரைவு எவர் கையிலாவது இருந்தால், கையெழுத்திடுமுன் உட்பெட்டியில் அனுப்புங்கள். சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதித்தருகிறேன். அது வழக்கறிஞரின் கருத்துக்கு மாற்றாகாது, கட்டணமும் இல்லை. ஆய்வேட்டின் நான்காம் இயல் நிலுவையில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பார்க்க இயலும்.